மீன் தொட்டித் தண்ணீரை மொத்தமாக மாற்றாதீர்கள்

கேள்வி இதுதான். சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் நான்கு கோல்ட்ஃபிஷ், பத்துப் பன்னிரண்டு கப்பி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீன்களை வலையால் பிடித்து வாளியில் விட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கல்லை அலசி, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். தொட்டி பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் ஒன்றிரண்டு மீன் செத்து மிதக்கிறது. குழாய்த் தண்ணீர்தான் காரணமா, கேன் தண்ணீர் வாங்கி ஊற்றலாமா என்று கேட்கிறார்கள்.

முதலில் நேரடியான பதில். கேன் தண்ணீர் வேண்டாம். மீன்களைத் தொட்டியை விட்டு வெளியே எடுக்கவே வேண்டாம். வாரம் ஒருமுறை கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை அதே சூட்டில் ஊற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். உங்கள் மீன்கள் சாவது தண்ணீர் அழுக்காக இருப்பதால் அல்ல, இவ்வளவு சுத்தமாகக் கழுவுவதால்தான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுக்கலாம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீன் தின்னும் உணவில் உள்ள புரதம் செரித்த பிறகு, கழிவாக அம்மோனியா வெளியேறுகிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே நேராகத் தண்ணீரில் கலக்கிறது. மீதி, தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் எச்சமும் அழுகுவதிலிருந்து வருகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். செவுளைப் புண்ணாக்கும், நரம்பைத் தாக்கும். இந்த அம்மோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் விஷம்தான். அது இரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை வேலை செய்யவிடாமல் கெடுத்துவிடும். தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்புறம் வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதை வெளியே எடுப்பதற்குத்தான் நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த நுண்ணுயிர்கள் எங்கே இருக்கின்றன என்பது. தண்ணீரில் மிதப்பவை மிகக் குறைவு. பில்டர் பஞ்சிலும், கூழாங்கல்லிலும், கண்ணாடியிலும், செடி இலையிலும் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. பழைய தண்ணீரைக் கொட்டுவதால் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து, கல்லைத் தேய்த்து அலசினால்தான் இவை சாகும். போனவை உடனே திரும்பி வராது. பால் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களைப் போல அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகிற வகை இல்லை இவை. இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். புதிதாக வைத்த தொட்டியில் இவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள். அதாவது உங்கள் தொட்டி ஒருபோதும் பழைய தொட்டி ஆவதே இல்லை. எப்போதும் புதுத் தொட்டியாகவே இருக்கிறது.

மீன் எப்போது சாகிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் செத்தால் குளோரின், சூட்டு வித்தியாசம், அல்லது தண்ணீரின் தன்மை திடீரென்று மாறியது, இவற்றில் ஒன்று. இரண்டு மூன்று நாள் கழித்துச் செத்தால், நுண்ணுயிர்கள் போய் அம்மோனியா ஏறிவிட்டது என்று சந்தேகப்படுங்கள். ஒரு வாரம் கழித்து உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால், அது வெள்ளைப் புள்ளி நோய். அந்த ஒட்டுண்ணி, அலைக்கழிக்கப்பட்டுத் துவண்டுபோன மீனைத்தான் எளிதில் பிடிக்கும். உங்கள் தொட்டியில் நடப்பது இரண்டாவது வகை. சந்தேகம் இருந்தால் சொட்டு மருந்து போல வரும் அம்மோனியா பரிசோதனைக் கிட் ஒன்று வாங்கி, கழுவிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் சோதித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு தண்ணீர் மாற்ற வேண்டும்? வாரம் கால் பங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் கால் பங்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு இரண்டு கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். மேலே விடும் இடைவெளியையும் கல்லையும் கழித்தால் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று கொள்வோம். தினமும் அரை கிராம் தீனி போடுகிறீர்கள். வாரத்துக்கு மூன்றரை கிராம். தீனியில் 40 சதவீதம் புரதம், புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் வருகிறது. அதில் பாதி மீனின் உடம்பில் சேர்வது, அழுக்கோடு நாம் எடுத்துவிடுவது என்று போனாலும், மீதிப் பாதியான 32 மில்லிகிராம் நைட்ரேட்டாக மாறினால், ஆக்சிஜன் சேர்ந்து எடை கூடுவதால், சுமார் 140 மில்லிகிராம். மூன்றரை கிராமுக்கு ஏறக்குறைய 500 மில்லிகிராம். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஆக, ஒவ்வொரு வாரமும் உங்கள் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறுகிறது.

வாரம் கால் பங்கு மாற்றினால், நைட்ரேட் ஏறி ஏறிக் கடைசியில் 40 இல் வந்து நிற்கும். 40 இல் கால் பங்கு 10. வாரம் ஏறுவதும் 10, எடுப்பதும் 10. மாற்றியவுடன் 30, அடுத்த வாரம் மறுபடி 40. வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றினால் இதே கணக்கில் 100 வரை ஏறித்தான் நிற்கும். பாதி மாற்றினால் 20 இல் நின்றுவிடும். பொதுவாக வீட்டுத் தொட்டியில் 40 ஐத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 20 க்குள் இருந்தால் இன்னும் நல்லது. எனவே எவ்வளவு மாற்றுவது என்பதைத் தீர்மானிப்பது நாள்காட்டி அல்ல, நீங்கள் போடும் தீனி. தீனியைப் பாதியாகக் குறைத்தால் நைட்ரேட்டும் பாதியாகக் குறையும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்குப் போட்டால் போதும். குழந்தைகள் ஆசையாகப் போடும்போது அளவு தெரியாமல் போய்விடும். அதனால் அன்றைக்கு உரிய தீனியைக் காலையிலேயே ஒரு சிறு மூடியில் எடுத்து வைத்துவிட்டு, அதிலிருந்து மட்டும் போடச் சொல்லுங்கள்.

ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் தண்ணீர் சேர்ப்பது, தண்ணீர் மாற்றியதாக ஆகாது. ஆவியாவது வெறும் நீர்தான். உப்பும் நைட்ரேட்டும் அப்படியே தொட்டியில் தங்கிவிடும். கோடையில் மின்விசிறிக்குக் கீழே இருக்கும் தொட்டியில் நீர் வேகமாக இறங்கும். மேலே மேலே ஊற்றிக்கொண்டே போனால் மூன்று மாதத்தில் கண்ணாடியின் விளிம்பில் வெள்ளைக் கோடாக உப்புப் படியும். அது தண்ணீர் கனத்துவிட்டதற்கு அடையாளம்.

அடுத்தது ஊற்றும் தண்ணீர். சென்னையில் ஒரே வீட்டுக்குள் நான்கு விதமான தண்ணீர் வரும். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், லாரி தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்திலோ கேனிலோ வருவது. இவற்றில் எதை ஊற்றுகிறீர்கள் என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தண்ணீரை ஊற்றுகிறீர்களா என்பதுதான் மீனுக்கு முக்கியம்.

மெட்ரோ வாட்டரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலைப்படி, குழாய்க்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும். நமக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மீனின் செவுளுக்கு அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவே தாங்காது. அகலமான வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். ஏர் பம்பின் குமிழிக் கல்லைப் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். காத்திருக்க நேரம் இல்லையென்றால் மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கேளுங்கள். சிறு புட்டியில் திரவமாகவோ, படிகமாகவோ தருவார்கள். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட்தான். படிகமாக இருந்தால் பத்து லிட்டர் வாளிக்கு அரிசி அளவில் இரண்டு மூன்று போதும். தண்ணீரில் கரைத்துக் கலக்கினால் உடனே வேலை செய்யும். சற்று அதிகமாகப் போனாலும் கெடுதல் இல்லை.

சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் பல நகரங்களிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது அது. ஒரு நாள் வாளியில் வைத்தால் போகாது. தயோசல்ஃபேட் போட்டால் குளோரின் மட்டும் போய் அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும் நாள் எது என்று காவலாளியிடமோ சங்கத்திலோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றும் அடுத்த இரண்டு நாளும் குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம். வழக்கமான அளவு ஆன்டி குளோரின் போதாமல் போகும். அந்த வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப் போடுவதில் தவறே இல்லை.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் உப்பு அதிகம், கடினத்தன்மை அதிகம். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்குக் கடினமான தண்ணீர் பிடிக்கும். கோல்ட்ஃபிஷும் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்மையான நீரிலிருந்து வந்தவை, அவற்றுக்குச் சிரமம். பூமிக்கடியிலிருந்து நேராக வரும் நீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகவும் இருக்கும். அதனால் பிடித்தவுடன் ஊற்றாமல், ஒரு இரவு குமிழிக் கல் போட்டு வைத்து ஊற்றுங்கள். சில இடங்களில் நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கும். அப்படி இருந்தால் எவ்வளவு மாற்றினாலும் தொட்டியில் நைட்ரேட் குறையாது. பரிசோதனைக் கிட் வாங்கியதும் முதல் சோதனையைத் தொட்டித் தண்ணீரில் செய்யாமல் குழாய்த் தண்ணீரில் செய்யச் சொல்வேன்.

கேன் தண்ணீருக்கு வருகிறேன். ஆர்.ஓ. இயந்திரம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, கரைந்திருக்கும் தாது உப்புகளையும் எடுத்துவிடுகிறது. மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பின் செறிவு சுற்றியுள்ள நன்னீரைவிட எப்போதுமே அதிகம். அதனால் நீர் இடைவிடாமல் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பு நிறைந்த போர் தண்ணீரில் பழகிய மீனை ஒரே நாளில் தாது இல்லாத நீரில் விட்டால், இந்த வேலை திடீரென்று கூடிவிடும். அதோடு, பைகார்பனேட் உப்பு இல்லாத தண்ணீரில் பிஎச் (தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை, குறைந்தால் புளிப்பு) நிலையாக நிற்காது, சில வாரங்களில் சரிந்துவிடும். போர் தண்ணீர் மிகவும் உவர்ப்பாக இருக்கும் இடங்களில், பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்து ஊற்றலாம். ஆனால் ஒரு விகிதம் வைத்துக்கொண்டால் எப்போதும் அதே விகிதம்.

சில நூறு ரூபாய்க்குப் பேனா போன்ற டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும். சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் உதவும். மெட்ரோ வாட்டர் 300 என்று காட்டிக்கொண்டிருந்த வீட்டில், ஏப்ரல் மாதம் லாரி தண்ணீர் சம்ப்பில் இறங்கியதும் 1200 என்று காட்டலாம். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இப்படி இரண்டு தண்ணீருக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், அந்த வாரம் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள், மூன்று நான்கு நாள் விட்டு இன்னொரு பத்தில் ஒரு பங்கு.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் குறிப்புகளில் குளிர்ந்த தண்ணீரைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். நமக்குப் பிரச்சினை தலைகீழ். மே மாதம் மதியம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அதைக் கால் பங்கு ஊற்றினால் மீன் துடிக்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். கோடையில் விடியற்காலையில் தண்ணீர் பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே மூடாமல் வைத்துவிடுங்கள். மாலைக்குள் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், குளோரினும் குறைந்திருக்கும். வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருந்தால் போதும்.

இனி செய்முறை. மீனுக்கென்று தனியாக இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், சோப்புத் தூள் படாத வாளி. கையில் சோப்பும் லோஷனும் இருக்கக் கூடாது. முதலில் ஹீட்டர், பில்டர், பம்ப் எல்லாவற்றையும் நிறுத்தி பிளக்கை உருவிவிடுங்கள். கையைத் தண்ணீருக்குள் விடும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும். ஹீட்டர் இருந்தால் நிறுத்திப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீர் மட்டம் இறங்கினால் கண்ணாடிக் குழல் விரிசல் விட்டுவிடும். (சென்னையில் பெரும்பாலான மாதங்களுக்கு ஹீட்டரே தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குத்தான் இது அவசியம்.)

கண்ணாடியில் பச்சை பிடித்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள், உதிர்ந்தது அடியில் படியட்டும். பிறகு அரை அங்குல ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனைகளையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையைத் தரையில் இருக்கும் வாளியிலும் விடுங்கள். விரலை எடுத்ததும் தண்ணீர் தானாக இறங்கும். பலர் வாயால் உறிஞ்சித் தொடங்குகிறார்கள், அதை விட்டுவிடுங்கள். மீன் தொட்டித் தண்ணீரில் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர் இருக்க வாய்ப்பு உண்டு. கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து தோலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். கையில் காயம் இருக்கும் வாரத்தில் உறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள்.

குழாயின் முனையைக் கூழாங்கல்லுக்குள் லேசாக அழுத்தினால் அடியில் தங்கிய அழுக்கு புகைபோல எழுந்து மேலேறும். அழுக்குப் போனதும் அடுத்த இடம். மொத்தக் கல்லையும் ஒரே நாளில் கிளற வேண்டாம். இந்த வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. செடி வேர்விட்ட இடத்தைத் தொடாதீர்கள். குட்டி கப்பிகள் குழாயில் போய்விடும் என்பதால் முனையில் மெல்லிய வலைத் துணி கட்டிக்கொள்ளலாம். வாளியில் இறங்கிய பழைய தண்ணீரை உடனே கொட்டிவிடாதீர்கள். பில்டர் பஞ்சை அதில்தான் முக்கி இரண்டு மூன்று முறை பிழிய வேண்டும். பஞ்சு புதிதுபோல் வெளுக்க வேண்டியதில்லை. தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் போதும். இதையும் வாராவாரம் செய்ய வேண்டாம், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதுமானது. பஞ்சு கிழிந்து மாற்ற வேண்டி வந்தால், பழைய பஞ்சோடு புதியதையும் சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டு அப்புறம் பழையதை எடுங்கள்.

புதுத் தண்ணீரை ஊற்றும்போது உள்ளே ஒரு தட்டையோ கிண்ணத்தையோ வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் கல்லும் செடியும் கலையாது. ஊற்றி முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டு, பில்டரிலிருந்து தண்ணீர் உண்மையிலேயே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். காற்று அடைத்துக்கொண்டு மோட்டார் சும்மா உறுமிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும், இரவு முழுக்க அப்படியே விட்டால் பஞ்சில் உள்ள உயிர்கள் மூச்சு முட்டிச் சாகத் தொடங்கும்.

மாதக்கணக்கில் யாரும் கவனிக்காத தொட்டி ஒன்று உங்கள் பொறுப்புக்கு வந்தால் மட்டும் இந்தக் கால் பங்குக் கணக்கு பொருந்தாது. இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த வேலைக்குத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டைச் செலவழிக்கின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு கிராமுக்கு மேல் காரத்தன்மை, அதாவது புளிப்பை ஈடுகட்டும் திறன், தீர்ந்துபோகும். புதுத் தண்ணீர் வராவிட்டால் அது தீர்ந்து, பிஎச் 6 க்கும் கீழே சரியும். அந்தப் புளிப்பில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். ஆனால் மீன் சாகாது. ஏனென்றால் குறைந்த பிஎச்சில் அம்மோனியா கிட்டத்தட்ட முழுவதும் விஷம் குறைந்த அம்மோனியமாக இருக்கும். 30 டிகிரி சூட்டில், பிஎச் 7 ஆக இருக்கும்போது விஷ வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் ஏழரை சதவீதம். 9 ஆனால் ஏறக்குறைய பாதி. இப்போது ஒருவர் நல்லது செய்வதாக நினைத்துப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, பிஎச் 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றுகிறார். தொட்டியில் தங்கியிருக்கும் அம்மோனியம் அந்த நொடியே விஷமாக மாறுகிறது. மாலைக்குள் எல்லா மீனும் போய்விடும். அவர் சொல்வார், பழைய தண்ணீரில் நன்றாக இருந்தது, மாற்றியதால் செத்தது, இனி மாற்றவே மாட்டேன் என்று. பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. இப்படிப்பட்ட தொட்டியில் தினமும் பத்தில் ஒரு பங்கு, இரண்டு வாரத்துக்கு. தீனி மிகக் குறைவாக. பிஎச் மெல்ல மெல்லக் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு வந்த பிறகு வழக்கமான கால் பங்கு.

பெரிய அளவில் உடனே மாற்ற வேண்டிய நேரங்களும் உண்டு. சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால், பிஎச் வித்தியாசம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அன்றே பாதி மாற்றுங்கள், மறுநாளும் பாதி. நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே புகுவதைத் தடுக்கும். கரப்பானுக்கோ கொசுவுக்கோ அறையில் ஸ்பிரே அடித்துவிட்டாலும் இதே அவசரம்தான். அந்த மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு மீன்களுக்குக் கடுமையான விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தொட்டிக்குள் ஊதுகிறது. தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே வேண்டாம். பிளக்கில் செருகும் கொசு மருந்தையும் அங்கே தவிர்த்துவிடுங்கள்.

கடையில் "டேங்க் கிளீனர் மீன் ஒன்று போடுங்கள், தண்ணீர் மாற்றவே வேண்டாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். சக்கர் மீன் கண்ணாடியில் உள்ள பாசியைத் தின்னும், உண்மைதான். தின்றதற்கு அதுவும் கழிவு போடும், அதிகமாகவே போடும். அதோடு ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகிறார்கள். அது அங்கே பெருகி, கரையைக் குடைந்து, வலையைக் கிழித்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வைத்துக்கொள்ள முடியாத எந்த மீனையும் நீர்நிலையில் விடாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் போனால் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்.

உங்கள் தொட்டியைப் பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 50 லிட்டரில் நான்கு கோல்ட்ஃபிஷ் அதிகம். அவை நிறையத் தின்று நிறையக் கழிவு போடும் மீன்கள், பெரிதாக வளர்பவை. அவற்றுக்கு 150 லிட்டராவது வேண்டும். கப்பிகளுக்கு உங்கள் தொட்டி தாராளம். கோல்ட்ஃபிஷுக்குப் பெரிய தொட்டி வாங்க முடியாவிட்டால், பெரிய தொட்டி உள்ள யாருக்காவது கொடுத்துவிடுவது அவற்றுக்கு நல்லது. அதுவரை வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றிக்கொண்டிருங்கள்.

எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். நைட்ரேட் செடிக்கு உணவு என்பதால் கறிவேப்பிலை, துளசி நன்றாகத் துளிர்க்கும். உப்போ மீன் மருந்தோ போட்ட வாரங்களில் மட்டும் வேண்டாம்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, கிளம்புகிற அன்று காலை அவசரமாகத் தண்ணீர் மாற்றுவது பலருக்கு வழக்கம். ஏதாவது தவறினால் பார்க்க ஆள் இருக்காது. மூன்று நாளைக்கு முன்பே மாற்றி, பில்டரும் மீனும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் தீனி இல்லாமல் இருக்கும். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துத் தீனி போடச் சொல்வதைவிட அது பாதுகாப்பு. நீண்ட பயணமென்றால் ஒவ்வொரு நாளுக்கும் உரியதைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் கொடுத்து, டப்பாவை ஒளித்து வைத்துவிடுங்கள். திரும்பி வந்த அன்று ஆவியான அளவுக்கு மட்டும் நிரப்பி, மறுநாள் கால் பங்கு மாற்றினால் போதும்.